எழும்ப மறுக்கும் கணினி

புதுமனையில் பால் காய்ச்சும் வேளையில் அடுப்புப் பற்றாமற் போனால் வீட்டாரின் முகம் எவ்வாறிருக்கும் என்பதை வாசகர்கள் எண்ணிப் பார்க்கலாம். கணினியின் உறுப்புகளை ஒவ்வொன்றாக விலைகொடுத்து வாங்கி, இரவிரவாகக் கண்விழித்துப் பூட்டி, திருகாணிகளையெல்லாம் முறுக்கி, இறுதியில் வீட்டாரையும் அக்கம்பக்கத்தாரையும் கூட்டி வைத்துக்கொண்டு பொத்தானை அழுத்துகிறான் இளைஞன். விளக்கில்லை, விசிறியில்லை, ஓசையில்லை. கூடியிருந்தோர் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கின்றனர். அந்த மௌனத்தில் முதலிற் பேசுகிறவர் எவராயினும் அவர் வாயிலிருந்து வருவது ஒரே வார்த்தைதான்: "கடைக்காரன் ஏமாற்றிவிட்டான்."

அவ்வார்த்தை பெரும்பாலும் பிழையானது. புதிய உறுப்புகளிற் பழுதானவையும் வருவதுண்டு. அதனை நாம் மறுக்கவில்லை. ஆயினும் புதிதாகப் பூட்டிய கணினி எழும்பாமைக்கு, உறுப்பின் பழுதைக் காட்டிலும் பூட்டிய முறையே காரணமாயிருத்தல் வழக்கம். கொழும்பிலிருப்பவருக்கு இந்த வேறுபாடு பெரிதன்று. மாலையில் பம்பலப்பிட்டிக்கு ஒரு நடை போய் யூனிட்டி பிளாசாவின் ஏதேனுமொரு கடையிற் காட்டிவிட்டு வரலாம். மலைநாட்டாருக்கோ அது ஒரு நாட் சம்பளம், இரு வழிப் பஸ் கட்டணம், மடியில் வைத்துக் காக்க வேண்டிய ஒரு பெட்டி. ஆகவே, சாமானைச் சுமந்துகொண்டு கீழிறங்குவதற்கு முன் வீட்டிலேயே பார்க்கக்கூடியவை எவை என்பதை இவ்வாரம் விரித்துரைக்க எண்ணினோம். அதற்கு ஏதுவாக அமைந்தது திம்புள்ளப் பகுதித் தோட்டமொன்றிலிருந்து வந்த ஒரு கடிதம்.

கடிதத்தை எழுதியவர் லயத்துக் காம்பராவிலே தோட்டத்துப் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்தும் இளைஞர். தங்கை உயர்தர வகுப்பில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பத்தை ஒரு பாடமாக எடுத்திருக்கிறாள். கொழுந்து பறிக்கும் தாயார் சீட்டை முன்கூட்டியே எடுத்துக் கொடுத்த பணத்திலே தாய்ப்பலகை, செயலி, நினைவகம், மின்வழங்கி ஆகியவற்றைப் புதிதாக வாங்கியிருக்கிறார். பெட்டியை மட்டும், நம்மவர் கேசிங் என்பார்களே அதனை, ஒருவரிடம் பழையதாக வாங்கினாராம். பூட்டி முடித்து மூன்று நாளாகிறது, எழும்பவில்லை. கடையில் மாற்றிக் கொடுக்கும் தவணை முடிய இன்னும் நான்கு நாள்தான் இருக்கிறது. தாய்ப்பலகை பழுதா, மின்வழங்கி பழுதா என்று கூறினால் அதனை மட்டும் எடுத்துக்கொண்டு கொழும்பு போய் வருவேன் என்பது அவர் வேண்டுகோள். அந்த ஞாயிறு தலவாக்கலைப் பக்கம் செல்லும் அலுவல் நமக்கு இருந்தமையால் நேரிலேயே போய்ப் பார்த்தோம்.

போகும் வழியெங்கும் மின்சாரத்தின் பிறப்பிடம் கண்ணிற்படுகிறது. நீர்வீழ்ச்சிகளைக் கொண்டு இந்நாட்டுக்கு மின்விளக்கேற்றலாம் என்று பொறியியலாளர் விமலசுரேந்திர அவர்கள் 1918ஆம் ஆண்டு கட்டுரை படித்தது இம்மலைகளின் ஆறுகளை நம்பித்தான். அவர் கண்ட கனவு லக்சபானவில் நனவாக 1950ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. காசல்ரீ நீர்த்தேக்கத்து நீரால் இயங்கும் நிலையம் இன்று அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. தலவாக்கலையிலே கொத்மலை ஆற்றை மறித்துக் கட்டிய மேல் கொத்மலைத் திட்டம் 2012இல் தொடங்கப்பெற்றது. அதன் வலு 150 மெகாவாற்று. இத்தனையும் இங்கே பிறந்து மலையிறங்கிச் சென்றன. தேயிலைத் தொழிற்சாலைகள் பலவும் தமக்கென நீர்ச்சில்லு வைத்து மின்சாரம் உண்டாக்கிக்கொண்டன. ஆனால் லயன்களுக்கு மட்டும் விளக்கு மிகப் பிந்தியே வந்தது. வந்தபோதும் எவ்வாறு வந்தது என்பதைச் சற்றுப் பின்னர்க் காண்போம். இளைஞரின் கணினிக்கும் அதற்கும் தொடர்புண்டு.

நிற்க. "கணினி வேலை செய்யவில்லை" என்பது "உடம்பு சரியில்லை" என்பது போன்ற பேச்சு. வைத்தியர் அதனைக் கேட்டு மருந்து கொடுக்கமாட்டார். பொத்தானை அழுத்தியதும் யாதொரு அசைவுமில்லையா? விசிறி கண்ணிமைக்கும் நேரம் அசைந்து நின்றுவிடுகிறதா? விசிறியெல்லாம் ஒழுங்காகச் சுழன்றும் திரை மட்டும் இருண்டிருக்கிறதா? இம்மூன்றும் மூன்று வெவ்வேறு நோய்கள். மூன்றாவது பற்றி அஞ்சவேண்டியதில்லை. மின்சாரம் போய்ச் சேர்ந்துவிட்டது, குறை வேறெங்கோ இருக்கிறது. நினைவகப் பலகை இரு பக்கமும் 'டக்' என்று அமரும்வரை அழுந்தாமல் இருக்கலாம். படங்காட்டும் ஆற்றல் இல்லாத செயலியை வாங்கிவிட்டுத் திரையின் வடத்தைத் தாய்ப்பலகையிற் செருகியிருக்கலாம். டிடிஆர் 5 வகை நினைவகம் பூட்டிய புதுக்கணினி முதல் தடவை எழும்பும்போது நினைவகத்தைப் பழக்கிக்கொள்ளச் சில நிமிடங்கள் எடுத்துக்கொள்ளும். அது தெரியாமல் ஒரு நிமிடத்திற்குள்ளே அணைத்து அணைத்துப் போடுபவர்கள் அதனை எழும்பவே விடுவதில்லை. இவ்வாரம் நம் கவனம் முதலிரண்டு நோய்களின் மீதே.

அசைவேயில்லாத கணினிக்குச் சுவரிலிருந்து தொடங்க வேண்டும். சுவர்க் குதையில் மேசை விளக்கொன்றையோ தொலைபேசி மின்னேற்றியையோ செருகிப் பார்த்தால் மின்சாரம் உண்டா இல்லையா என்பது தெரிந்துவிடும். இடையிலே நீட்டிப்புக் கம்பி இருந்தால் அதனை விலக்கிவிட்டு நேரே செருகுக. சதுர முனைகள் கொண்ட 13 அம்பியர் பிளக்கின் வயிற்றினுள்ளே ஓர் உருகி இருக்கிறது, அது எரிந்திருக்கலாம். மின்வழங்கியின் பின்புறத்திலே கோடும் வட்டமும் பொறித்த சிறிய ஆளி ஒன்றுண்டு. கோடு என்றால் திறப்பு, வட்டம் என்றால் அடைப்பு. இந்த வட்டத்தை அழுத்தி வைத்துக்கொண்டு இரண்டு நாள் தூக்கமிழந்தவர்களை நாமறிவோம். பழைய மின்வழங்கி வாங்குவோர் இன்னொன்றையும் பார்த்தல் வேண்டும்: சிலவற்றில் 115 என்றும் 230 என்றும் எழுதிய சிவப்பு நகர்த்தி இருக்கும். நம் நாட்டு மின்சாரம் 230 வோல்ட். நகர்த்தி 115இல் இருக்கையிலே செருகினால் வெடியோசையுடன் அதன் ஆயுள் முடிந்துவிடும்.

இவையெல்லாம் சரியென்று கண்டபின் முன்புறப் பொத்தானுக்கு வருவோம். இவ்விடத்திலேதான் பலர் தடுமாறுகின்றனர். வீட்டு விளக்கின் ஆளியைப் போன்றே இதுவும் மின்சாரத்தைத் திறந்து மூடும் கதவு என்று அவர்கள் எண்ணுகிறார்கள். முற்காலக் கணினிகளில் அவ்வாறுதான் இருந்தது. சுவரிலிருந்து வரும் மின்சாரமே முன்புற ஆளிவரை வந்து போயிற்று. 1995இல் இன்ரெல் நிறுவனம் ஏடிஎக்ஸ் என்ற புதிய அமைப்பை வகுத்தபோது அது மாறிற்று. இன்றைய பொத்தான் கதவன்று. வாயிலில் தொங்கும் அழைப்பு மணி. மின்வழங்கி முழுமையாக உறங்குவதில்லை. பின்புற ஆளி திறந்திருக்கும் நேரமெல்லாம் ஊதாக் கம்பி ஒன்றின் வழியே 5 வோல்ட் மின்சாரத்தைத் தாய்ப்பலகைக்குச் சிறிதளவு ஊட்டிக்கொண்டேயிருக்கிறது. பலகை அந்தச் சிறு உணவை உண்டு விழித்திருக்கிறது. பொத்தானை அழுத்தினால் மணி ஒலிக்கிறது. பலகை பச்சைக் கம்பியைக் கறுப்புக் கம்பியோடு இணைத்து "இனி முழு வலுவையும் அனுப்பு" என்று மின்வழங்கிக்கு ஆணையிடுகிறது. அதன் பிறகே 12 வோல்ட், 5 வோல்ட், 3.3 வோல்ட் ஆகிய மூன்றும் பாய்கின்றன.

இதனை விளங்கிக்கொண்டால் சோதனை முறை தானே புலப்படும். பல தாய்ப்பலகைகளில் ஒரு சிறு விளக்கு, கணினி அணைந்திருக்கும்போதும் எரியும். அது எரிந்தால் சுவரும் வடமும் மின்வழங்கியின் சிறு ஊட்டமும் சரி. குறை மணியிலோ அதற்கப்பாலோ இருக்கிறது. மணிக் கம்பிகள் இரண்டும் மயிரிழை போல மெல்லியவை. பலகையின் ஓரத்திலே நிற்கும் ஊசிகளில் எந்த இரண்டிற் செருக வேண்டும் என்பது கையேட்டிலே படமாக இருக்கும். விளக்குக் கம்பிகளுக்கு நேர், மறை பார்த்தல் வேண்டும். பொத்தான் கம்பிக்கு அப்படியொன்றில்லை, எப்பக்கம் செருகினும் சரியே. பொத்தானையே ஐயுற்றால் அதன் கம்பியைக் கழற்றிவிட்டு, அவ்விரு ஊசிகளையும் ஸ்க்ரூ டிரைவர் நுனியால் ஒரு கணம் தொட்டுவிட்டால் போதும். கணினி எழும்பினால் குறை பொத்தானில் என்று அறிக. இவ்வூசிகளில் ஓடுவது மிகச் சிறு வோல்ட். கையை ஒன்றும் செய்யாது. தவறி அயலூசிகளைத் தொடாதிருத்தலே இதிலுள்ள எச்சரிக்கை.

அடுத்துப் பார்க்க வேண்டியவை இரண்டு பெருஞ்செருகிகள். இருபத்துநான்கு குழிகள் கொண்டது பலகையின் வலப்புற ஓரத்திற் பொருந்துவது. பார்வைக்குப் பொருந்தியது போலிருந்தும் கொளுவி பற்றாமல் ஒரு நூல் உயர்ந்து நிற்பதுண்டு. மற்றையது செயலிக்கே தனியாக வலுக் கொடுக்கும் எட்டுக் குழிச் செருகி. பலகையின் மேல் மூலையிலே விசிறிக்குப் பின்னால் ஒளிந்திருப்பதால் இதனை மறந்துவிடுவோர் மிகப் பலர். படவட்டைக்குரிய எட்டுக் குழிச் செருகியும் ஏறக்குறைய இதே தோற்றமுடையது. ஆனால் இது நான்கும் நான்குமாகப் பிரிவது. அது ஆறும் இரண்டுமாகப் பிரிவது. ஒன்றை மற்றதன் இடத்தில் வலிந்து திணிக்கப் பார்த்தல் ஆகாது.

நாம் போய்ச் சேர்ந்தபோது இளைஞர் இவ்வளவும் பார்த்து முடித்திருந்தார்; கெட்டிக்காரப் பிள்ளை. பலகையின் சிறு விளக்கு பச்சையாக எரிந்துகொண்டிருந்தது. பொத்தானை அழுத்தினார். செயலியின் விசிறி ஒரு விரற்கடை அசைந்து நின்றது. மறுபடி அழுத்தினார்; அதுவுமில்லை. தாய்ப்பலகைதான் பழுது என்று அவர் முடிவு கட்டிவிட்டார்; தந்தையோ மின்வழங்கிதான் என்கிறார். அடுத்த காம்பராக்காரர் எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்துப் பணத்தை வாங்கிவரும்படி உபதேசம் செய்துகொண்டிருந்தார். பணம் கொடுத்த தாயார் மட்டும் யாரையும் குறை சொல்லாமல் மூலையில் நின்றார். நாம் பெட்டியருகே செல்ல முற்பட்டபோதுதான் அவர் வாய் திறந்தார்: "தொடாதீங்க ஐயா. கையில சுருக்குங்குது."

வீட்டில் எவரும் இதனைப் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை. ஆயினும் அந்த வீட்டிலே கேட்ட சொற்களிலெல்லாம் பெறுமதி மிக்கது அதுவே என்பது நம் கருத்து. நல்ல வேளையாக, தொழிற்சாலையில் மின்வேலை பார்க்கும் பெரியவர் ஒருவர் அங்கே வந்து சேர்ந்தார். தாயாருக்கு அண்ணன் முறை. கொழுந்து வாட்டும் விசிறிகளையும் உருட்டும் எந்திரங்களையும் முப்பது ஆண்டுகளாக ஓட்டிவருபவர். கணினியைத் திறந்து பார்த்ததேயில்லை. அவர் கணினியைப் பார்க்கவில்லை. சட்டைப் பையிலிருந்த டெஸ்டரை எடுத்துப் பெட்டியின் இரும்பிலே வைத்தார். டெஸ்டரின் சிறு விளக்கு எரிந்தது. "தம்பி, மொதல்ல பிளக்கக் கழட்டு" என்றார்.

காரணம் இது. மின்வழங்கியின் வாயிலிலே இரைச்சலை வடிகட்டும் பொருட்டுச் சிறு கொள்ளளவிகள் வைத்திருப்பார்கள். மின்சாரக் கம்பி ஒவ்வொன்றிலுமிருந்து ஒரு கொள்ளளவி பெட்டியின் இரும்போடு இணைந்திருக்கும். எர்த் கம்பி முறையாக மண்ணோடு இணைந்திருந்தால் அவ்வழியே கசியும் மின்னோட்டம் யாருக்கும் தெரியாமல் மண்ணுக்குள் இறங்கிவிடும். எர்த் இல்லையேல் அதற்குப் போக்கிடமில்லை. இரு கொள்ளளவிகளுக்கும் நடுவே நிற்கும் பெட்டி, 230 வோல்ட்டிற் பாதியளவு வரை ஏறி நிற்கும். மின்னோட்டம் மிகச் சிறிது. ஆகையால் அது கொல்லாது, சுருக்கென்று குத்தும். கணினி கெட்டுப்போனதன் அறிகுறியன்று அது. வீட்டில் எர்த் இல்லை என்பதன் அறிகுறி. உள்ளே உண்மையாகவே ஒரு கம்பி அறுந்து இரும்பைத் தொடும் நாள் வந்தால், அன்றைக்கு அது சுருக்கென்று குத்துவதோடு நிற்காது. நிலமோ சீமெந்து, மழைக்காலத்திலே எப்போதும் ஈரம், பிள்ளைகள் வெறுங்காலோடு நடமாடும் இடம்.

பெரியவர் குதையைத் திறந்து காட்டினார். எர்த் முனைக்குக் கம்பி வந்திருந்தது. அது சுவரினுள்ளே சிறிது தூரம் சென்று யாதோடும் இணையாமல் முடிந்திருந்தது. இதைவிடப் பொதுவான இன்னொரு வழக்கத்தையும் ஈண்டுச் சொல்லிவிடுகிறோம். அது மலைநாட்டுக்கு மட்டும் உரியதன்று. இருமுனைப் பிளக்கைச் சதுரக் குதையிற் செருகுவதற்காக நடுத்துளையிலே பேனாவையோ ஈர்க்கையோ குத்தி மூடியைத் திறப்பது நம்மவர் கைவந்த கலை. அந்த நடுத்துளைதான் எர்த். பாதுகாப்பு மூடியைப் பேனாவால் ஏமாற்றிச் செருகும் பொருளுக்கு எர்த் கிடைப்பதில்லை. முன்னாளில் எர்த் கம்பியை இரும்புத் தண்ணீர்க் குழாயிற் சுற்றி வைப்பதும் உண்டு. இப்போது குழாயெல்லாம் பிளாஸ்டிக். கம்பி சுற்றியபடியே இருக்கிறது, பயன் மட்டும் போய்விட்டது.

அன்று சோதனை அத்தோடு அவ்வீட்டில் நிறுத்தப்பட்டது. பெட்டியை இருவர் தூக்கிக்கொண்டு பெரியவரின் குவார்ட்டர்ஸுக்குப் போனார்கள். அங்கே எர்த் கோல் முறையாக இறக்கியிருக்கிறது. ட்ரிப் சுவிட்ச் இருக்கிறது. அதன் சோதனைப் பொத்தானை அவர் மாதந்தோறும் அழுத்திப் பார்ப்பவர். அங்கே செருகியதும் பெட்டியிலே சுருக்கு இல்லை. ஆனால் கணினி எழும்பவுமில்லை. விசிறி அதேபோல ஒரு விரற்கடை அசைந்து நின்றது.

"பாத்தீங்களா மாமா, போர்ட் செத்துருச்சு" என்றார் இளைஞர்.

"மோட்டார் ட்ரிப் ஆனா மோட்டார் செத்துருச்சின்னு சொல்லுவியா? காவக்காரன் முழிச்சிருக்கான்னு அர்த்தம். எங்கியோ ஒடம்புல தட்டுது. எல்லாத்தையும் கழட்டு."

கணினியை அறியாதவர் கூறிய இந்த வைத்தியத்திற்கு மேலாகக் கணினி அறிந்தவரும் கூறிவிட முடியாது. மின்வழங்கிக்குள்ளே ஒரு காவலன் இருக்கிறான். வெளியே எங்கேனும் குறுஞ்சுற்று நேர்ந்து அளவு மீறி மின்னோட்டம் பாய்ந்தால் கண்ணிமைக்கும் நேரத்திற்குள் அவன் கதவை அடைத்துவிடுகிறான். அடைத்தபின் பொத்தானை நூறு தரம் அழுத்தினாலும் திறக்கமாட்டான். பின்புற ஆளியை அணைத்துச் சிறிது நேரம் காத்திருந்து மறுபடி போட்டால்தான் இன்னொரு தடவை இடங்கொடுப்பான். இளைஞர் கண்ட "ஒரு தடவை அசைந்து பின் அசையாமை" இதுவே. அசைவேயில்லாத கணினியும் அசைந்து நிற்கும் கணினியும் வேறு வேறு என்று மேலே கூறியது இதனாலேதான்.

தட்டுமிடத்தைக் கண்டுபிடிக்க ஒரே வழி, குறைத்துக்கொண்டே வருதல். முதலில் மின்வழங்கியைத் தனியே சோதித்தோம். பலகையிலிருந்து அதனைக் கழற்றி, சுவர்ச் செருகியையும் பிடுங்கிவிட்டு, இருபத்துநான்கு குழிச் செருகியிலே 16ஆம் குழியையும் 17ஆம் குழியையும் வளைத்த காகித ஊசியால் இணைத்தோம். பழைய வழங்கிகளிற் பச்சைக் கம்பியும் அயலிலுள்ள கறுப்புக் கம்பியும் என்று அடையாளம் சொல்லலாம். இப்போது வருபவற்றிற் பலவற்றில் எல்லாக் கம்பியும் கறுப்பு, ஆகையால் கையேட்டுப் படத்தைப் பார்த்துக் குழியை எண்ணுதலே உத்தமம். பிறகு சுவரிற் செருகி ஆளியைப் போட்டால் வழங்கி தானே ஓடத் தொடங்க வேண்டும். சில வழங்கிகளின் விசிறி சூடேறும்வரை சுழலாது. அதைக் கண்டு செத்தது என்று நினையாமல், பெட்டி விசிறியொன்றை அதிற் பூட்டிப் பார்க்க வேண்டும். பெரியவர் தம் பல்மானியை எடுத்து வந்தார். 12 வோல்ட் கம்பியிலே 11.4 முதல் 12.6 வரையும், 5 வோல்ட் கம்பியிலே 4.75 முதல் 5.25 வரையும், 3.3 வோல்ட் கம்பியிலே 3.14 முதல் 3.47 வரையும் இருக்கலாம். மூன்றும் எல்லைக்குள் நின்றன. தந்தையார் குற்றஞ்சாட்டிய மின்வழங்கி அவ்வளவில் விடுதலை பெற்றது. சுமையில்லாமற் செய்யும் இச்சோதனை முடிந்த முடிபன்று என்பதையும் சொல்லிவைக்கிறோம். ஆயினும் அடியோடு செத்த வழங்கியை இது காட்டிக்கொடுத்துவிடும்.

ஒன்றை மட்டும் அழுத்திக் கூற விரும்புகிறோம். மின்வழங்கியின் இரும்புப் பேழையை எக்காரணங்கொண்டும் திறத்தலாகாது. 230 வோல்ட் மின்சாரம் உள்ளே நேர்மின்னாக மாறும்போது 325 வோல்ட் வரை எழுகிறது. இக்காலத்துப் பல வழங்கிகளில் அதற்கும் மேலே. செருகியைப் பிடுங்கிய பின்னரும் பெருங்கொள்ளளவி அதனைத் தன் வயிற்றில் வைத்திருக்கும். பார்க்க வேண்டியவற்றை வெளியே வரும் கம்பிகளிலே பார்த்துக்கொள்ள வேண்டும்.

பின்பு தாய்ப்பலகையைப் பெட்டியிலிருந்து வெளியே எடுத்து, அது வந்த அட்டைப் பெட்டியின் மேலேயே வைத்தோம். அதனோடு வரும் வெள்ளி நிறப் பையின் மேல் வைக்கலாம் என்று சிலர் கூறுவர். அப்பையின் புறத்தோல் மின்சாரத்தைக் கடத்தக்கூடியது, அட்டையே மேல். செயலி, அதன் விசிறி, ஒரேயொரு நினைவகப் பலகை, மின்வழங்கியின் இரு செருகிகள், இவ்வளவுதான். வட்டு இல்லை, பெட்டி விசிறி இல்லை, முன்புறக் கம்பிகள் எவையுமில்லை. ஸ்க்ரூ டிரைவர் நுனியால் இரு ஊசிகளைத் தொட்டார் இளைஞர். விசிறி சுழன்றது, சுழன்றுகொண்டேயிருந்தது. திரையின் வடத்தைச் செருகியதும் பலகையை ஆக்கிய நிறுவனத்தின் இலச்சினை தோன்றிற்று. செயலியும் நினைவகமும் பலகையும் ஒருமிக்க விடுதலை.

எஞ்சி நின்ற குற்றவாளி பழைய கேசிங்தான். அதன் இரும்புச் சுவரிலே பலகையைத் தாங்குவதற்கென்று சிறு பித்தளைக் குற்றிகள் திருகப்பட்டிருக்கும். பலகை இரும்பிற் படாமல் உயர்ந்து நிற்கச் செய்வது அவற்றின் தொழில். பலகையிலுள்ள துளைகள் இக்குற்றிகளின் மேல் வர வேண்டும். முன்பிருந்தவர் வேறோர் அளவுள்ள பலகையை அதிற் பூட்டியிருந்தார் போலும். புதிய பலகையிலே துளையில்லாத ஓரிடத்துக்கு நேராக ஒரு குற்றி மிஞ்சி நின்றது. பலகையின் முதுகிலுள்ள ஈயப் பற்றுகளை அது தொட்டுக்கொண்டிருந்தது. பெரியவர் சொன்ன "ஒடம்புல தட்டுது" என்பது எழுத்துக்கு எழுத்து மெய். குறட்டால் அதனைக் கழற்ற அரை நிமிடமும் ஆகவில்லை. இளைஞர் அதனை உள்ளங்கையில் வைத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் தாய்ப்பலகையைக் கையில் எடுத்துக்கொண்டு கொழும்பு போயிருந்தால், அங்கே கடையின் மேசைமேல் அது ஒழுங்காக எழும்பியிருக்கும். "உம் பலகைக்கு ஒன்றுமில்லை" என்று திருப்பி அனுப்பியிருப்பார்கள். மறுபடி பெட்டிக்குட் பூட்டியதும் மறுபடி செத்திருக்கும்.

பழைய பெட்டி வாங்குவோர் பலகையை இறக்குமுன் அதன் துளைகளையும் பெட்டியின் குற்றிகளையும் எண்ணிப் பார்த்துக்கொள்வாராக. வேறு சிலவற்றையும் சுருக்கமாகக் கூறலாம். காசு போன்ற சிறு மின்கலம், 3 வோல்ட் உடையது, பலகையில் இருக்கும். புதுக் கணினி எழும்பாமைக்கு அது காரணமாவது அரிது, ஆனால் அதனைச் சில நிமிடங்கள் கழற்றி வைத்துப் பூட்டுவதால் நட்டமுமில்லை. கனத்த படவட்டையைப் பூட்டியபடியே பெட்டியைப் பஸ்ஸிலே கொண்டுவந்தால் வளைவுகளின் குலுக்கத்தில் அது குழியைவிட்டு எழும்பிவிடும். கழற்றித் தனியே கொண்டுவருக. மார்கழி, தை மாதத்து விடியற் குளிரிலே கிடந்த பெட்டியை விறகடுப்பு எரியும் சூடான காம்பராவுக்குள் கொண்டுவந்தவுடன் செருகாமல், அதன் மேற் பனித்த ஈரம் உலரச் சில மணி நேரம் விட்டுவைக்க வேண்டும். பருவப் பெயர்ச்சி மழைகளுக்கு இடைப்பட்ட பங்குனி, சித்திரையிலும் ஐப்பசியிலும் மாலை இடி முழங்கும்போது ஆளியை அணைத்தால் மட்டும் போதாது, செருகியையே பிடுங்கிவிட வேண்டும். மின்சாரம் திடீரென்று போனாலும் இதனையே செய்க. அது திரும்பி வரும் கணத்தில் வோல்ட் ஏறியிறங்குவதுண்டு. 2025 பெப்ரவரி 9ஆந் தேதி பாணந்துறை உப மின்நிலையத்திலே குரங்கொன்று புகுந்ததால் நாடெங்கும் இருண்டதாக அமைச்சர் அறிவித்தது வாசகர்களுக்கு நினைவிருக்கும். அன்று நாட்டின் மின்வலைக்கு நேர்ந்ததும், திம்புள்ளயிலே அந்தப் பெட்டிக்கு நேர்ந்ததும் ஒருவகையில் ஒன்றுதான்: தொடக்கூடாத ஓரிடத்தை ஏதோ ஒன்று தொட்டது, காவலர்கள் அடுத்தடுத்துக் கதவை அடைத்தார்கள்.

குற்றியைக் கழற்றியதும் கணினி பெட்டிக்குள்ளேயும் எழும்பிவிட்டது. தாயார் அதன் இரும்பை விரல் நுனியாற் பயந்து பயந்து தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை எடுக்காமலே நின்றார். அதனை அன்றே காம்பராவுக்குத் தூக்கிக்கொண்டு போகத் தங்கைக்கு ஆசை. பெரியவர் இடங்கொடுக்கவில்லை. "எர்த் போட்டப்பறம் கொண்டுபோ தங்கச்சி" என்றார்.

எர்த் போடுவது ஒருவர் தம் விருப்பப்படி செய்துகொள்ளும் காரியமன்று. லயத்துச் சுவர் தோட்டத்துக்குரியது; ஒரு காம்பராவின் மீட்டரிலிருந்து மறு காம்பராவுக்குக் கம்பி இழுத்திருக்கும் இடங்களும் உண்டு. அனுமதிப்பத்திரம் பெற்ற மின்னியலாளர் கோல் இறக்கி, அதன் தடையை அளந்து, ஒவ்வொரு குதைக்கும் கம்பி கொண்டுபோக வேண்டும். அந்த லயத்தின் பத்துக் காம்பராக்களிலும் பெரியவர் டெஸ்டர் வைத்துப் பார்த்தார். எர்த் இருந்தது இரண்டில். குளிர்சாதனப் பெட்டி வைத்திருப்போர் மூவர், மின்கேத்தல் வைத்திருப்போர் அனேகமாக எல்லோரும். "நம்ம வீட்டுலயும் பிரிட்ஜத் தொட்டா சுருக்குங்குமே" என்று அப்போதுதான் ஒவ்வொருவராகச் சொல்லத் தொடங்கினார்கள். அதுவரை அது சாமானின் குணம் என்றே அவர்கள் எண்ணியிருந்தார்கள்.

இளைஞர் அன்றிரவே புதுக் கணினியில் முதற் கடிதமாக ஒரு விண்ணப்பத்தைத் தட்டினார்: தோட்ட நிருவாகத்துக்கு ஒரு படி, மின்சார அலுவலகத்துக்கு ஒரு படி, பத்துக் காம்பராவின் கையொப்பங்களோடும். இதனை நாம் எழுதும்வரை பதில் வரவில்லை. கணினி பெரியவரின் குவார்ட்டர்ஸ் விறாந்தையிலேயே இருக்கிறது. பிரட்டுக் களத்தைத் தாண்டி, மாலை ஆறு மணிக்குத் தங்கை அங்கே போய்ப் படித்துவிட்டு எட்டு மணிக்கு அண்ணனோடு திரும்புகிறாள்.